பழைய முகவரி யார் கையில்?

2012 அக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் அரசு தன்னுடைய இரண்டு பெரிய இணையதளங்களை மூடிவிட்டு ‘கவ்.யூகே’ என்ற ஒரே தளத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, 2013 ஜனவரி 15 அன்று, இன்னொரு குடிபெயர்வு. ‘விக்கிடிராவல்’ என்ற பயணக் கையேட்டை ஆண்டுக்கணக்கில் எழுதி வளர்த்த தன்னார்வலர்கள் அதன் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, ‘விக்கிவாயேஜ்’ என்ற பெயரில் விக்கிமீடியா அறக்கட்டளையிடம் வந்து சேர்ந்தார்கள்.

முதல் தளத்தில் பழைய எழுத்து பெரும்பாலும் கழித்துக்கட்டப்பட்டது. பக்கங்களைப் புதிதாக எழுதினார்கள், பலவற்றை ஒன்றாக்கினார்கள், சிலவற்றை வேண்டாம் என்றே விட்டார்கள். ஆனாலும் கூகுளில் தேடியவர்கள் வழக்கம்போல வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது தளத்தில் எழுத்து அப்படியே வந்தது. யார் எந்த வரியை எப்போது திருத்தினார் என்ற வரலாறுகூட வந்தது. ஆனால் தேடலில் அதைக் காணவில்லை. அவர்கள் விட்டுவந்த பழைய தளமே தொடர்ந்து மேலே நின்றது.

பெரிய தளம் ஒன்றைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது தேடலில் கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தில் பெரும்பாலோர் உள்ளடக்கத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். தலைப்பு மாறக்கூடாது, பத்தி மாறக்கூடாது, குறிச்சொல் மாறக்கூடாது என்று கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கவலை தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் முடிவு. தேடுபொறி இத்தனை காலம் நம் தளத்தின் மேல் சேர்த்துவைத்த மதிப்பு முகவரியின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த முகவரி யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டுமே அதை வேறோர் இடத்துக்கு எழுதிக்கொடுக்க முடியும்.

இதன் அடிப்படை எளியது. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் முன்வைத்த முறையில், ஒரு பக்கத்தின் மதிப்பை மற்ற பக்கங்கள் அதற்குத் தரும் லிங்க்குகள் தீர்மானிக்கின்றன. பிறகு கூகுளின் கணக்கில் நூற்றுக்கணக்கான அம்சங்கள் சேர்ந்துவிட்டாலும், லிங்க் என்பது ஒரு யூஆர்எல்லைச் சுட்டுவது என்ற உண்மை மாறவில்லை. ஒரு நாளிதழ் நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால், அது நம் பத்திகளுக்குக் கொடுத்ததாகாது, அந்த முகவரிக்குக் கொடுத்ததாகும். முகவரி 404 என்று, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று பதில் சொல்லத் தொடங்கினால் சில வாரங்களில் அது அட்டவணையிலிருந்து உதிர்ந்துவிடும். அதற்கு வந்த லிங்க்குகள் சுவரைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அந்த முகவரியே 301 என்று பதில் சொல்லி, ‘நிரந்தரமாக இந்த இடத்துக்குப் போய்விட்டது’ என்று புதிய யூஆர்எல்லைக் காட்டினால், தேடுபொறி பழைய மதிப்பைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 301 சொல்ல வேண்டியது பழைய சர்வர். புதிய சர்வர் எவ்வளவு உரக்கக் கூவினாலும் பயனில்லை.

பிரிட்டனில் இதைப் புரிந்தவர்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். 2010-இன் இறுதியில் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, குடிமக்களுக்கான எல்லாவற்றையும் ஒரே டொமைனில் கொண்டுவரச் சொன்னது. 2011-இல் ‘கவர்ன்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ்’ என்ற பிரிவு உருவானது. அதன் முதல் பெரிய வேலை, பொதுமக்களுக்கான ‘டைரக்ட்கவ்’, தொழில் செய்பவர்களுக்கான ‘பிசினஸ் லிங்க்’ ஆகிய இரண்டையும் மாற்றுவது. டைரக்ட்கவ் 2004-இல் தொடங்கியது. எட்டு ஆண்டுகளில் அதன் முகவரிகள் பிரிட்டன் முழுக்கப் பரவியிருந்தன. உள்ளாட்சித் தளங்களிலும் பத்திரிகைகளிலும் மட்டுமல்ல, காகிதத்திலும். வாகன வரி கட்ட டொமைனுக்குப் பின்னால் ‘டாக்ஸ்டிஸ்க்’ என்று முடியும் குறுமுகவரி ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட குறுமுகவரிகளைக் கடிதங்களிலும் துண்டறிக்கைகளிலும் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியிருந்தார்கள். அச்சடித்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அவை ஒவ்வொன்றும் வேலை செய்தே தீர வேண்டும்.

முகவரிகளின் நிலையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். டைரக்ட்கவ்வில் வங்கி விடுமுறை நாள்களைச் சொல்லும் பக்கம் ‘அரசு, குடிமக்கள், உரிமைகள்’ என்ற பிரிவுக்குள் ‘பிரிட்டனில் வாழ்தல்’ என்ற உட்பிரிவுக்குள் போய், ‘டிஜி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் 073741 என்ற எண்ணுமாக முடியும். புதிய தளத்தில் அதே செய்தி டொமைனுக்குப் பின்னால் ‘பேங்க்-ஹாலிடேஸ்’ என்று இரண்டே சொல்லில் நிற்கிறது. பக்கத்தைத் திறந்தால் அடுத்த விடுமுறை எந்த நாள் என்பது பெரிய எழுத்தில் தெரியும். பழைய பக்கத்தின் பத்தி ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தும் அது பழைய பக்கத்தின் வாரிசு. அந்த எண்ணைத் தட்டியவரை இந்த இரண்டு சொல்லுக்கு 301 அனுப்பிவைத்தது.

பிசினஸ் லிங்க் இன்னும் சிக்கல். அதன் பக்கங்கள் பலவும் ஒரே பாதையில் இருந்தன. வேறுபாடெல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் ‘ஐட்டம்ஐடி’, ‘டாபிக்ஐடி’ போன்ற எண்களில். அதோடு, வாசகர் எந்தப் பிரிவு வழியாக உள்ளே வந்தார் என்பதைச் சொல்லும் வால்களும் அதே முகவரியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் ஒரே கட்டுரைக்குப் பல முகவரிகள். வெளியிலிருந்து லிங்க் கொடுத்தவர்கள் தங்கள் உலாவியில் எது தெரிந்ததோ அதை அப்படியே ஒட்டியிருப்பார்கள். பிரிட்டிஷ் குழு பயன்படுத்திய என்ஜின்எக்ஸ் சர்வரில் பக்கத்தின் பாதையை வைத்து விதி எழுதுவது சுலபம். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது அந்த விதியின் கண்ணில் படாது. ஆகவே முதலில் ஒவ்வொரு முகவரியிலும் பொருளற்ற வால்களை வெட்டி, பொருளுள்ள எண்ணை மட்டும் வைத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல். பிறகு அந்த எண்ணுக்கு எந்தப் புதிய பக்கம் என்று சொல்லும் தனி அட்டவணை.

அந்த அட்டவணைதான் இந்தக் கதையின் நாயகன் என்பேன். பார்வைக்கு ஒன்றுமில்லை: ஒரு நெடுவரிசையில் பழைய யூஆர்எல், அடுத்ததில் புதிய யூஆர்எல், மூன்றாவதில் 301 அல்லது 410. அவ்வளவே. ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் எடுத்த முடிவு. இந்தப் பழைய பக்கத்தைத் தேடி வந்தவர் எதற்காக வந்தார், அவருடைய தேவையைப் புதிய தளத்தில் எந்தப் பக்கம் தீர்க்கும் என்பதை யாரோ படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தானாகச் சொல்லும் மென்பொருள் அப்போது இல்லை. இப்போது இருக்கும் கருவிகள் பரிந்துரைப்பதையும் மனிதர் பார்த்துத்தான் ஒப்ப வேண்டும். அட்டவணை தயாரானதும், அதிலுள்ள வரிகளைக் கொண்டே சர்வரின் விதிகளை நிரல் எழுதிக்கொண்டது. இன்னொரு நிரல் அதே வரிகளை ஒவ்வொன்றாகச் சர்வரிடம் கேட்டு, சொன்ன இடத்துக்கே போகிறதா, போன இடத்தில் பக்கம் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்தது. அந்த நிரல்களையும் அட்டவணைகளையும் யாரும் பார்க்கும்படி திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஓர் அரசு தன் பழைய முகவரிகளின் கணக்கை வெளியில் வைத்தது எனக்கு இன்றும் மரியாதை தரும் செயல்.

வாரிசு இல்லாத பக்கங்களும் இருந்தன. மக்களுக்கு இனித் தேவையில்லை என்று கைவிட்டவை. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: எங்கே அனுப்புவது என்று தெரியாத முகவரிகளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரு புத்தகத்தைக் கேட்டு வந்தவரை நூலக வாசலில் நிறுத்துவதுபோல. கூகுள் இதைக் கண்டுபிடித்து, 301 என்று எழுதியிருந்தாலும் 404 போலவே நடத்திவிடுகிறது. பிரிட்டிஷ் குழு நேர்மையான வழியைத் தேர்ந்தது. அந்த முகவரிகள் 410 என்று, அதாவது ‘இருந்தது, இப்போது இல்லை, இனியும் வராது’ என்று பதில் சொல்லின. அதோடு நிற்காமல், அந்தப் பக்கத்தின் பழைய உருவத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் காண ஒரு லிங்க்கும் கொடுத்தன. மூடுவதற்கு முன்பே பழைய தளங்களைக் காப்பகம் பிரதி எடுத்து வைத்திருந்தது.

காப்பகத்துக்கு இந்த அக்கறை வந்ததற்கு முன்கதை உண்டு. 1997 முதல் 2006 வரை நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அளித்த பதில்களில் குறிப்பிட்டிருந்த இணைய முகவரிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. அமைச்சர் ஒருவர் அவைக்குச் சொன்ன பதிலே பாதியில் அறுந்து நிற்கிறது என்றால் அது தேடுபொறிச் சிக்கலைவிடப் பெரியது. முகவரியைக் காப்பது பதிவேட்டைக் காப்பது என்று அங்கே புரிந்துகொண்டார்கள். இந்தப் புரிதலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: அட்டவணை வேலையைத் தேடுபொறிக்காகச் செய்யும் தந்திரமாகத் தளத்தை மாற்றியவர்கள் பார்க்கவில்லை, குடிமக்களுக்குச் செய்யும் கடமையாகச் செய்தார்கள். தேடலில் இடம் தங்கியது அதன் பக்கவிளைவு.

அதன் பிறகு அமைச்சகங்கள் வரிசையாக வந்தன. 24 அமைச்சகங்களும் 2013-இல் வந்து முடிந்தன. 2014 இறுதிக்குள் 300-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இதே அட்டவணை, இதே சோதனை. எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். வரித்துறைப் பக்கங்கள் மாறியபோது, நுணுக்கமான விவரங்களைச் சுருக்கிவிட்டார்கள், பழகிய இடத்தில் எதுவும் இல்லை என்று வரி ஆலோசகர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது எழுத்தின் தரம் பற்றிய குறை. முகவரி அவர்களை ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் அந்தப் பக்கத்தைக் குறைசொல்ல முடிந்தது.

இனி அடுத்த கதை.

விக்கிடிராவலை 2003-இல் எவன் ப்ரோட்ரோமூவும் மிஷேல் ஆன் ஜென்கின்ஸும் தொடங்கினார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுடைமை. 2006 ஏப்ரலில் ‘இன்டர்நெட் பிராண்ட்ஸ்’ என்ற நிறுவனம் தளத்தை வாங்கியது. வாங்கியது என்றால் எதை? பக்கங்களின் எழுத்தை வாங்க முடியாது, அது எல்லோருக்கும் உரியது. வாங்கியது பெயர், டொமைன், சர்வர். அந்த நாளில் எழுத்தாளர்கள் பலருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. நிலத்தில் விளைந்ததை எப்போது வேண்டுமானாலும் அறுத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று உரிமம் சொல்லியது. பட்டா வேறொருவர் பெயருக்கு மாறியது.

ஆறு ஆண்டு கழித்து மனக்குறைகள் முற்றின. தொழில்நுட்பப் பராமரிப்பு போதவில்லை, தளத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பழைய பதிப்பிலேயே நிற்கிறது, விளம்பரம் பெருகுகிறது என்று ஆங்கிலப் பதிப்பின் நிர்வாகிகளும் எழுத்தாளர்களும் வெளியேற முடிவெடுத்தார்கள். விக்கிமீடியா சமூகத்தில் பொது விவாதம் நடந்து, 2012-இல் பெரும்பான்மை அவர்களை ஏற்கச் சொன்னது. ஆகஸ்ட் இறுதியில் இன்டர்நெட் பிராண்ட்ஸ் இரண்டு தன்னார்வலர்கள் மீது வழக்குப் போட்டது. செப்டம்பரில் விக்கிமீடியா அறக்கட்டளையும் நீதிமன்றம் போனது. 2013 பிப்ரவரியில் சமரசமாக முடிந்தது. வழக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்ல இங்கே தேவையில்லை. தளம் பெயர்வதை அது தடுக்கவில்லை. தடுத்தது வேறு.

குடிபெயர்வை நேர்த்தியாகத்தான் செய்தார்கள். உரிமத்தின் நிபந்தனை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் எழுத்தை எடுக்கக்கூடாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் திருத்த வரலாறும் கூடவே வந்தது. இன்றும் விக்கிவாயேஜில் ஒரு பழைய பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், 2012-க்கு முந்தைய திருத்தங்களில் பயனர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூடி-இஎன்’ என்ற முன்னொட்டு இருக்கும். ‘இவர் விக்கிடிராவல் ஆங்கிலப் பதிப்பில் எழுதியவர்’ என்று பொருள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். படங்கள் விக்கிமீடியா காமன்ஸுக்கு மாறின. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சென்னையைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விக்கிடிராவலில் அது டொமைனுக்குப் பின்னால் ‘இஎன்’, பிறகு ‘சென்னை’. விக்கிவாயேஜில் வேறு டொமைன், ‘விக்கி’, பிறகு ‘சென்னை’. பக்கத்தின் பகுதிகள் இரண்டிலும் ஒன்றே: வந்து சேர்வது எப்படி, ஊருக்குள் சுற்றுவது எப்படி, பார்க்க, செய்ய, வாங்க, உண்ண, உறங்க. குடிபெயர்ந்த நேரத்தில் அந்த ஒவ்வொரு பகுதியிலும் பத்திகளும் ஒன்றே. இப்போது தேடுபொறி என்ன செய்யும்? ஒரே எழுத்து இரண்டு முகவரியில் இருந்தால் அது இரண்டையும் காட்டாது. ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்கும். எதைத் தேர்வது? ஒன்றை அதற்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், அதற்குப் பல இடங்களிலிருந்தும் லிங்க் உண்டு. மற்றது நேற்றுப் பிறந்தது. அப்போதிருந்த சூழலும் பாதகமானது. 2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த ‘பாண்டா’ மாற்றம், பிறர் எழுத்தைப் பிரதி எடுத்து விளம்பரம் போடும் தளங்களைக் குறிவைத்துக் கீழே தள்ளியது. எழுதியவர்களே தங்கள் எழுத்தோடு வந்திருக்கிறார்கள் என்பதை அறிய அந்த எந்திரத்துக்கு வழி கிடையாது. அதன் கண்ணுக்கு விக்கிவாயேஜும் இன்னொரு பிரதி.

இதற்கு மருந்து உண்டா? உண்டு, மூன்று. பழைய முகவரி 301 சொல்ல வேண்டும். அல்லது பழைய பக்கத்தின் தலைப்பகுதியில் ‘இந்த எழுத்தின் மூல முகவரி இதுவே’ என்று புதிய யூஆர்எல்லைக் காட்டும் கெனானிக்கல் குறிப்பு இருக்க வேண்டும். பெரிய தேடுபொறிகள் 2009-இல் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. அல்லது கூகுளின் தள உரிமையாளர் கருவியில் முகவரி மாற்றத்தைப் பதிய வேண்டும். அதற்கு இரண்டு தளமும் உங்களுடையவை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். மூன்று மருந்தும் பழைய டொமைனின் சொந்தக்காரர் அலமாரியில் இருந்தன. விக்கிடிராவல் மூடப்படவில்லை, இயங்கிக்கொண்டே இருந்தது. அவர்கள் தங்கள் வாசகர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவைக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டையும் இப்போது சேர்த்துப் பார்த்தால், கவ்.யூகே எழுத்தை இழந்து முகவரியை வைத்துக்கொண்டது. விக்கிவாயேஜ் முகவரியை இழந்து எழுத்தை வைத்துக்கொண்டது. முதலாவதுக்குத் தேடலில் தொடர்ச்சி இருந்தது, இரண்டாவதுக்கு இல்லை. பணமோ ஆள்பலமோ இதைத் தீர்மானித்தது என்று சொல்வது எளிது. அரசுக்கு இரண்டும் இருந்தன என்பது உண்மை. ஆனால் விக்கிவாயேஜ் வந்து சேர்ந்த இடமும் சாதாரணமானதில்லை. உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றான விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை அது. சர்வர், பொறியாளர்கள், புகழ் எல்லாம் அங்கே இருந்தன. பழைய டொமைனில் ஒரு வரி விதி எழுதும் உரிமை மட்டும் இல்லை. அந்த ஒன்றின் விலையை இந்த ஒப்பீடு துல்லியமாகக் காட்டுகிறது.

உரிமை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் சொல்லத்தக்கது. நான் இந்தக் கதையில் அதிகம் மதிப்பது இந்தப் பகுதியை. விக்கிவாயேஜ் எழுத்தாளர்கள் ‘தேடல் பயணம்’ என்ற பொருளில் ஒரு திட்டப்பக்கம் திறந்து, தேடலில் ஏன் பின்தங்குகிறோம் என்று வெளிப்படையாக ஆராய்ந்தார்கள். பக்கங்களின் முதல் பத்திகளை மாற்றி எழுதத் தொடங்கினார்கள். தாங்கள் எழுதிய நல்ல வரிகளை, குறை ஏதும் இல்லாதவற்றை, பழைய தளத்தில் அதே வரி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடித்துவிட்டு வேறு எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று எழுதுபவர்களுக்குத் தெரியும். விடுதி, உணவகம், கோவில் என்று ஒவ்வொன்றுக்கும் இருப்பிட ஆயத்தொலைவுகளைச் சேர்த்துப் பக்கத்திலேயே வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தின் உச்சியில் ஊரின் அகன்ற படம் வந்தது. பழைய பிரதியிலிருந்து பக்கம் பக்கமாக விலகி வளர்ந்தார்கள்.

மற்றவர் தளங்களில் இருந்த லிங்க்குகளில் அவர்களால் மாற்ற முடிந்த ஒரே பெரிய இடம் விக்கிப்பீடியா. ஊர்களைப் பற்றிய கட்டுரைகளின் அடியில் விக்கிடிராவலைச் சுட்டிய பெட்டிகள் விக்கிவாயேஜைச் சுட்டும் பெட்டிகளாக மாறின. மீதி உலகம், அதாவது எப்போதோ ஒரு பயணக் குறிப்பில் லிங்க் கொடுத்துவிட்டு மறந்தவர்கள், திரும்பி வந்து மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கவ்.யூகேயும் அவர்களை மாற்றச் சொல்லவில்லை. மாற்றத் தேவையில்லாமல் செய்தது. அட்டவணையில் ஒரு வரி செய்ததை இங்கே எத்தனையோ பேர் எழுதி எழுதிச் செய்ய வேண்டியிருந்தது.

சொந்தமாக டொமைன் இருந்தும் விக்கிவாயேஜின் நிலைக்கு வந்து சேருகிறவர்கள் ஏராளம் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய மென்பொருள் போட்டுத்தருபவரிடம் முகவரி அட்டவணை கேட்டால், ‘அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். கடைசியில் நேரம் இருக்காது. பழைய சர்வரை அணைத்த பிறகு பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தால், எந்தெந்த முகவரிகள் இருந்தன என்பதே தெரியாது. சர்வர் லாக், பழைய சைட்மேப், வருகைக் கணக்கு, கூகுளின் கருவி காட்டும் லிங்க் பட்டியல், இணையக் காப்பகத்தின் பிரதி ஆகிய ஐந்தையும் அணைப்பதற்கு முன்பே இறக்கி வைத்தால், கிட்டத்தட்ட முழுப் பட்டியல் கைக்கு வந்துவிடும். மாறிய பின்னும் பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாவது ரீடைரக்ட் இருக்கட்டும் என்று கூகுளே சொல்கிறது. முடிந்தவரை நீண்ட காலம் என்பதும் அந்த அறிவுரையிலேயே உண்டு. டொமைன் காலாவதியானால் வேறொருவர் வாங்குவார். சேர்த்த மதிப்போடு வாங்குவார்.

திறந்த மூல உலகில் இன்னொரு குடிபெயர்வும் இதே பாடத்தைச் சந்தித்தது. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் நிரலாளர்கள் பலர் பிரிந்து லிப்ரேஆஃபிஸைத் தொடங்கினார்கள். நிரல் அவர்களோடு வந்தது. பழைய பெயரும் டொமைனும் ஆரக்கிள் நிறுவனத்திடமே இருந்தன, பிறகு அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போயின. வளர்ச்சி ஒரு பக்கமும் பெயரைத் தேடி வரும் மக்கள் இன்னொரு பக்கமுமாகப் பல ஆண்டுகள் போயின.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு மறுப்பு வரலாம்: அரசு தன் தளத்தைத் தானே மாற்றியது, தன்னார்வலர்கள் பிரிந்து போனார்கள், இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை, சரி. ஆனால் பிரிந்து போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள் என்பதும் இல்லை. விக்கிவாயேஜுக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. விக்கிடிராவல் விற்கப்பட்டதும் அதன் ஜெர்மன் எழுத்தாளர்கள் ஆறு ஆண்டு காத்திருக்கவில்லை. அதே ஆண்டு, 2006 டிசம்பர் 10 அன்று, தனித் தளம் திறந்தார்கள். ‘விக்கிவாயேஜ்’ என்ற பெயரே அவர்கள் வைத்தது. அந்த டொமைனை ஜெர்மனியில் பதிவான அவர்களுடைய சங்கமே வைத்திருந்தது. சிறிய தளம், சொந்தச் சர்வர், சந்தாவும் நன்கொடையும். அடுத்த ஆண்டு இத்தாலியர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் நாளில் அவர்களுக்கும் தேடலில் இடம் எதுவும் இல்லை, எல்லாம் பழைய வீட்டில் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு லிங்க்கும் சங்கத்தின் பெயரில் சேர்ந்தது. 2013-இல் விக்கிமீடியாவோடு இணைந்தபோது அவர்களும் சர்வர் மாறினார்கள், மென்பொருள் அமைப்பு மாறியது, நிர்வாகம் மாறியது. டொமைனைச் சங்கமே அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தது. ஆங்கில எழுத்தாளர்கள் அந்த ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். ஜெர்மன் பக்கங்கள் ஆறு ஆண்டாக அறியப்பட்ட அதே பெயரில் தொடர்ந்தன.